மொய்யையும் கடனில் எழுதச் சொன்ன அக்கா

மைக் செட் கட்டுகிற எல்லோரும் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" என்றுதான் சோதித்துப் பார்ப்பார்கள். எங்கள் சவுண்ட் அக்கா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அன்றைக்குத் தன் வீட்டில் என்ன சமையல் என்பதைச் சொல்லித்தான் சோதிப்பார்.

"இன்னிக்கு எங்க வீட்டுல பருப்பும் நெத்தலிக் கருவாடும். பருப்பு கொஞ்சம் அடிப்பிடிச்சிருச்சு. கடைசி லயத்துக்குக் கேக்குதா?"

கடைசி லயத்தில் யாராவது ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் கேட்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் சாமிப் பாட்டு ஆரம்பமாகும். தோட்டத்தில் வரிசை வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளில் எங்கள் லயம்தான் கடைசி லயம். தட்டைத் தட்டுவது யார் என்று எனக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அடிபிடி நடக்கும். எங்கள் அம்மா மட்டும் தட்ட மாட்டார். "அவ வீட்டுப் பருப்பு அடிப்பிடிச்சா எனக்கென்ன?" என்று அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. வருகிறேன்.

தெமோதரையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழா, கல்யாணம், சடங்கு, எது நடந்தாலும் அக்காவின் வேன் வந்து நிற்கும். கதிரை, கொட்டகை, ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாம் அதிலேயே வரும். வேனை ஓட்டுவது அவருடைய கணவர். அந்த மனிதர் பேசி நான் கேட்டது நான்கைந்து தடவைதான் இருக்கும். வீட்டுக்கென்று இருந்த பேச்சு முழுவதையும் பெண்டாட்டியே எடுத்துக்கொண்டாள் என்று லயத்தில் சொல்வார்கள். அக்காவுக்கு ஒரு சொந்தப் பெயரும் உண்டு. பின்னாளில் கோர்ட்டுக் கடதாசியில் நானே அதை டைப் அடித்தேன். அவருக்குக் கொஞ்சமும் பொருந்தாத, அடக்க ஒடுக்கமான பெயர் அது. அதனால் இங்கே எழுதப் போவதில்லை.

அவருக்கு மறைக்கத் தெரியாது. நல்லதோ கெட்டதோ, தன்னுடையதோ ஊராருடையதோ, மனதுக்குள் வந்தது மைக்குக்கு வந்துவிடும். ஒரு கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கும் நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றுவிட்டது. நாதஸ்வரப் பாட்டு பாதியில் படுத்துவிட்டது. மாப்பிள்ளை கையில் தாலியோடு முழிக்கிறார். வேறு ஆளென்றால் மெஷினைக் குறை சொல்லித் தப்பித்திருப்பார். அக்கா ஓடிப்போய் எண்ணெய் ஊற்றி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, முதல் வேலையாக மைக்கைப் பிடித்தார்.

"பிழை என்னோடது. மிச்சம் பிடிக்கலாம்னு எண்ணெயக் குறைச்சு ஊத்திட்டேன். கூலியில ஐந்நூறு ரூபா கழிச்சுக்குங்க. இப்ப நீங்க தாலியக் கட்டுங்க தம்பி."

பெண்ணின் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கட்டினார். அந்த வீடியோவை இன்றைக்கும் அந்த வீட்டில் போட்டுக் காட்டுகிறார்கள்.

அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் விசேஷ வீட்டில் மொய் எழுதினால் அதை மைக்கில் வாசிப்பது வழக்கம். இன்னார் இவ்வளவு ரூபாய் என்று ஊருக்கே கேட்கும். நம் வீட்டு விசேஷத்தில் ஒருவர் வைத்த மொய்யை அவர் வீட்டு விசேஷத்தில் நாம் திருப்பி வைக்க வேண்டும், கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். ஒருமுறை அம்மாவுக்குக் கையில் காசே இல்லாத மாதம். முந்நூறு வாங்கின வீட்டுக்கு இருநூறுதான் வைத்தார். வாசிக்கிறவர் வேறு யாராவது என்றால் தொகையை முணுமுணுத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார். சவுண்ட் அக்கா நிறுத்தி நிதானமாக, "இருநூறு ரூபா" என்று வாசித்தார். கூடவே, "மிச்சம் அடுத்த தடவ வரும்" என்றும் சேர்த்துச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அன்றைக்கு அம்மா சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டார்.

"அவ வாய்க்கு யாராச்சும் ஒரு சுவிட்ச் வைக்கணும்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார். ஆனாலும் அக்காவின் மகளுக்குச் சடங்கு வைத்தபோது ஐந்நூறு ரூபாய் கொண்டுபோய் மொய் எழுதினார். கோபம் வேறு, மொய் வேறு.

பிறகு கொரோனா வந்தது. அந்த நாட்களில் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் வந்ததாகவே தெரியாது, அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக மறைத்தார்கள். மறைக்காமல் என்ன செய்வது? ஒரு வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவில் கடதாசி ஒட்டுவார், லயம் முழுவதும் பதினான்கு நாட்களுக்கு வேலைக்குப் போக முடியாது. இருமலை முந்தானைக்குள் அமுக்கிக்கொண்டு கொழுந்து எடுத்தார்கள். சுகாதார அறிவிப்புகளைத் தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு போக அக்காவின் வேனைக் கேட்டார்கள். சல்லிக்காசு வாங்காமல் போனார். திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை, அவருக்கும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஒருநாள் காலையில் அவருடைய லயத்திலிருந்தே மைக் சத்தம் வந்ததாம்.

"இன்னிக்கு எங்க வீட்டுல கஞ்சி. எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். நானே பரிசோதகர் ஐயாவுக்குப் போன் பண்ணிட்டேன். யாரும் இந்தப் பக்கம் வராதீங்க. கடைசி லயத்துக்குக் கேக்குதா?"

எவரும் தட்டைத் தட்டவில்லை. அந்த லயத்து ஆட்கள் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். ஆனால் அன்று மத்தியானத்துக்குள் வேறு மூன்று வீடுகளிலிருந்தும் பரிசோதகருக்குப் போன் போனது. அவர் கணவர் பிழைத்து எழுந்தார். அப்போதும் எதுவும் பேசவில்லை.

அந்த நேரம் நான் பதுளை டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். ஊரடங்கு போடுவதும் எடுப்பதுமாக இருந்த நாட்கள். ஒருநாள் கண்ணுக்குக் கீழே முழுக்க மூடிய முகக்கவசத்தோடு ஒருவர் படியேறி வந்தார். முகம் தெரியாவிட்டால் என்ன, குரல் போதாதா?

"கட்ட முடியாத கடன, கட்ட முடியலன்னு சத்தமாச் சொல்ற எடம் ஒண்ணு இருக்காமே ஐயா. அது எந்தக் கோட்டு?"

எங்கள் சட்டத்தரணி ஐயா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நாற்பது வருஷத் தொழிலில், கடன் கட்ட வழியில்லாதவர் கோர்ட்டில் போடுகிற வங்குரோத்து மனுவை இப்படிக் கேட்டு வந்தவர் வேறு யாரும் இல்லையாம். தோட்டத்தில் கடன் கழுத்தை நெரித்தால் ஒரு வழிதான் உண்டு. லயத்துக் காம்பரா வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விடுவார்கள். அக்காவிடம் அதைக் கேட்டேன்.

"ஓடிப்போனா யாருகிட்டப் புள்ள சொல்லிட்டுப் போறது?" என்றார்.

கொரோனாவுக்குச் சற்று முன்புதான் பழைய வேனைக் கொடுத்துவிட்டு லீசிங்கில் ஒரு புது வேனும், தவணைக்கு ஒரு பெரிய ஸ்பீக்கர் செட்டும் எடுத்திருந்தார். இரண்டு வருஷம் திருவிழாவே நடக்கவில்லை. தவணை கட்டுவதற்காகப் பெண்கள் குழுக்கடன் இரண்டு எடுத்தார். பிறகு அந்தக் கடனுக்கும் வழியில்லை. வசூலுக்கு ஆட்கள் வரும்போது மற்ற வீட்டுப் பெண்கள் தேயிலைக்குள் போய் ஒளிவார்கள். அக்கா வாசலில் நின்று, "காசு இல்லைங்க, தேத்தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்பார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் ஏசுவார்கள். மகளின் படிப்பு மேசைக்கு முன்னால் நின்று ஒருநாள் அசிங்கமாக ஏசிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கியது.

ஐயா விளக்கினார். இருக்கிற சொத்து, இருக்கிற கடன் எல்லாவற்றையும் எழுதிச் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். கோர்ட்டு சொத்தை எடுத்துக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். மீதிக் கடனிலிருந்து விடுவிக்கும். அதற்கப்புறம் யாரும் வாசலுக்கு வந்து ஏச முடியாது.

"எல்லாக் கடனும்னா எல்லாமா ஐயா?"

"ஒண்ணு விடாம. தெரிஞ்சே விட்டா அது பொய்ச் சத்தியம்."

அடுத்த நாள் அக்கா ஒரு நீல அட்டைக் கொப்பியோடு வந்தார். மகளின் சடங்கு மொய்க் கொப்பி. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, பிறகு வரிசையாக இருநூற்றுப் பதினான்கு பெயர்கள்.

ஐயா சிரித்துவிட்டார். "இது அன்பளிப்பும்மா. கடன் இல்ல."

"அன்பளிப்புன்னா எதுக்கு ஐயா பேரையும் தொகையையும் எழுதி வைக்கிறோம்?"

ஐயா கொப்பியைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சரி, எழுதுறேன்னே வை. மத்தக் கடன் எல்லாம் தள்ளுபடியாகும்போது இதுவும் சேர்ந்து தள்ளுபடியாயிரும். உனக்குச் சம்மதமா?"

அக்கா மேசையிலிருந்த கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அழிஞ்சிருமா?"

"அழிஞ்சிரும்."

"அப்பிடின்னா நான் யாரு வீட்டுக்கு ஐயா போறது? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒரு நல்லது கெட்டதுல போய் நிக்கிறது? மொய்ய முழுங்கினவன்னு ஆயிருமே."

"அப்ப எழுதாத."

"எழுதாம எப்படிச் சத்தியம் பண்றது?"

வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு டைப் அடிக்க ஓடவில்லை. எழுதினால் ஊர் போய்விடும், எழுதாவிட்டால் சத்தியம் போய்விடும், இரண்டும் வேண்டாமென்றால் வசூல்காரன் மறுபடியும் மகள் முன்னால் வந்து நிற்பான். பாவி மனுஷி, ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரிந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும் என்று எனக்கு அவர் மேல் கோபமே வந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது.

"எழுதுங்க ஐயா. பொய் சொல்ல என்னால ஏலாது."

இருநூற்றுப் பதினான்கு பெயர்களையும் நான்தான் டைப் அடித்தேன். நூற்று நாற்பத்து மூன்றாவது பெயர் எங்கள் அம்மா. ஐந்நூறு ரூபாய்.

இனி நடந்ததற்கு முழுக் காரணம் நான்தான். வழக்குத் தவணைத் திகதியைச் சொல்லி, பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எங்கள் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபாலில் அறிவித்தல் போக வேண்டும். நானே அடித்து, நானே உறையில் போட்டு, நானே முத்திரை ஒட்டினேன். சிங்களத்தில் மட்டும் அடித்தேன். கூடவே தமிழில் நாலு வரி வைக்க வேண்டும் என்று மண்டையில் உறைக்கவே இல்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற வேலையா இது?

எங்கள் தோட்டத்தில் தபால் வீட்டுக்கு வராது. தோட்டத்து ஆபீசுக்கு வரும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடுகிற பெரட்டில் வைத்துக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நினைத்துப் பாருங்கள், ஒரே காலையில் இருநூற்றுச் சொச்சம் பதிவுத் தபால். கணக்கப்பிள்ளைக்குப் பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டதாம். உறையைப் பிரித்தால் சிங்கள எழுத்து, நடுவில் வழக்கு இலக்கம். ஓரளவு வாசிக்கத் தெரிந்த ஒருவர் "கோட்டுக்கு வரச் சொல்லியிருக்கு" என்று ஆரம்பித்து வைத்தார். அடுத்த வரியில் அக்காவின் பெயரைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். சடங்கு வீட்டில் சாப்பிட்டதற்குச் சவுண்ட் அக்கா கேஸ் போட்டுவிட்டாள் என்று பெரட்டுக் களமே கொதித்தது.

எனக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "ஐந்நூறு ரூபா மொய் வச்சதுக்கு என்னையக் கோட்டுக்கு இழுக்கிறா உன் அக்கா. நீயும் அங்கதானே வேலை செய்யிற?"

அந்தக் கடிதத்தை அடித்தது நான்தான் என்று அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அக்காவைப் போல இருக்க எல்லோராலும் முடியுமா? முதலில் அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவர் ஏசவில்லை. "மைக்கு எதுக்குப் புள்ள இருக்கு?" என்றார். பிறகு கிடைத்த லொறியில் தொற்றிக்கொண்டு ஊருக்கு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய லயத்து வாசலில் ஆட்கள் எட்ட எட்ட நின்றிருந்தார்கள். கோபத்திலும் இடைவெளி விட்டுத்தான் நின்றார்கள். பழைய ஹோர்ன் ஒன்றை மாமரத்தில் கட்டிவிட்டு அக்கா மைக்கோடு படியில் நின்றார்.

"இன்னிக்கு எங்க வீட்டுல ஒண்ணும் சமைக்கல" என்று ஆரம்பித்தார். கூட்டம் அடங்கியது. எல்லாவற்றையும் சொன்னார். வேனைச் சொன்னார், குழுக்கடனைச் சொன்னார், மகள் முன்னால் ஏசியதைச் சொன்னார். "நான் உங்க மேல கேஸ் போடல. என் மேலதான் போட்டிருக்கேன். உங்களுக்கெல்லாம் நான் கடன்காரின்னு எழுதிக் குடுத்திருக்கேன். பொய்ச் சத்தியம் பண்ண முடியல. கோட்டு அதத் தள்ளிட்டா உங்க வீட்டுப் பக்கம் வர எனக்கு மூஞ்சி இருக்காது. அதான் இப்பவே சொல்லிர்றேன்."

மகன் கல்யாணத்துக்கு நாள் பார்த்து வைத்திருந்த பொன்னுசாமி அண்ணன்தான் கேட்டார். "அப்ப என் மகன் கல்யாணத்துக்கு நீ வரமாட்டியா தங்கச்சி?"

"எப்படி அண்ணே வர்றது?"

"கோட்டு யாரு நம்ம மொய்யத் தள்ளுறதுக்கு?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் எங்கள் அம்மா.

வழக்குத் தவணை நாளன்று பஸ் இல்லை, ரயில் இல்லை. எப்படி வரப்போகிறார்கள் என்று நான் கோர்ட்டு வாசலில் கை பிசைந்துகொண்டு நின்றேன். அவர்கள் விடியும்போதே கிளம்பித் தெமோதரையிலிருந்து தண்டவாளம் வழியாக நடந்து வந்திருக்கிறார்கள். நாற்பத்தேழு பேர். ஒருவருக்கொருவர் இரண்டு சிலிப்பர்க் கட்டை இடைவெளி விட்டு நடக்க வேண்டும் என்று முன்னால் நடந்த பொன்னுசாமி அண்ணன் சட்டம் போட்டிருக்கிறார். டவுனுக்குள் நுழையும் இடத்தில் பொலிஸ் மறித்தது. அம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நான் அனுப்பிய கடிதத்தை எடுத்து நீட்டினாராம். பின்னால் நாற்பத்தாறு கைகள் நாற்பத்தாறு கடிதங்களோடு நீண்டன. பெரட்டையே கலக்கிய என்னுடைய சிங்களக் கடிதத்தைப் பொலிஸ்காரர் ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டுப் பாதையைத் திறந்துவிட்டார். சந்தி திரும்பி அந்த வரிசை வந்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முகக்கவசத்துக்குள் என்ன முகம் என்று யாருக்குத் தெரியும்?

கையைக் கழுவி, நெற்றியில் சூடு பார்த்து, ஐந்து ஐந்து பேராக உள்ளே விட்டார்கள். வசூல் கம்பெனி ஆட்கள் ஃபைலோடு முன்வரிசையில் இருந்தார்கள். நீதிபதி சிங்களத்தில் கேட்கக் கேட்க, முதலியார் என்று நாங்கள் சொல்கிற கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். அவர் மொய்யைச் சிங்களத்தில் விளக்கி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டார். முதலில் எழுந்தவர் அம்மா.

"இந்தப் பணம் உங்களுக்கு வரவேண்டியதா?"

"ஆமாங்க."

"எப்போது?"

"எங்க வீட்டுல விசேஷம் வர்றப்ப."

"விசேஷம் வராவிட்டால்?"

"வரும்ங்க. எனக்கு ஒரு மக இருக்கா. அந்தா, லோயர் ஐயா பக்கத்துல உக்காந்திருக்கா."

முதலியார் அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். கோர்ட்டு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

"இந்த நீதிமன்றத்தில் அந்தப் பணத்தைக் கோருகிறீர்களா?"

அம்மா ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தார். "இவ வாய் எனக்குப் பிடிக்காதுங்க. ஆனா இது எங்களுக்குள்ள உள்ளது. கோட்டுல எனக்கு ஒண்ணும் வேணாம். என் பேர வெட்டுங்க, கடன வெட்டாதீங்க."

அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். வராதவர்கள் கைநாட்டு வைத்துக் கொடுத்தனுப்பிய கடதாசிக் கட்டைப் பொன்னுசாமி அண்ணன் நீட்டினார். நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு வாசித்தார். விசேஷம் வந்தால்தான் கொடுக்க வேண்டும் என்கிற பணத்தை இவர்களில் ஒருவரும் இங்கே கோரவில்லை. எனவே இந்தப் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகின்றன. இதில் கொடுக்கவோ தள்ளவோ நீதிமன்றத்துக்கு ஒன்றுமில்லை.

அக்கா எழுந்து நின்றார். ஐயா கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"அப்ப அது அழியலையா சாமி? அப்பிடியே இருக்குங்களா?"

முதலியார் மொழிபெயர்த்தார். நீதிபதி முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "இந்தக் கட்டிடத்துக்கு வெளியே இருக்கிறது" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான வேலைதான். புது வேன் போனது. பெரிய ஸ்பீக்கர் செட் ஏலத்தில் போனது. பழைய ஹோர்ன் இரண்டையும் ஒரு பெட்டியையும் கேட்பாரில்லாமல் அக்காவிடமே விட்டுவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து விடுதலைக் கடதாசி கையில் கிடைத்த அன்றைக்கு, "இன்னிக்கு எங்க வீட்டுல கோழிக்கறி" என்று மைக்கில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். பொன்னுசாமி அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வாடகை ஆட்டோவில் ஹோர்னைக் கட்டிக்கொண்டு வந்து முதல் மொய் எழுதினார். அப்படியே ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு விசேஷமாக, நீலக் கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே போனார்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் தெமோதரைச் சின்னக் கோயிலில் பாதர் ஆசீர்வாதம் கொடுக்க, சாப்பாடு எங்கள் கடைசி லயத்து வாசலில். மைக் செட் யார் என்று கேட்கவும் வேண்டுமா? மட்டக்களப்பிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டு மைக்கில் பருப்பு அடிப்பிடித்த கதையைக் கேட்டு வாயைப் பிளந்தார்கள்.

மொய் வாசிப்பு ஆரம்பித்தது. கடைசியில் அக்கா மைக்கைக் கீழே வைக்காமல் தன் இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். அதிலிருந்து ஒரு தாளை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"நூத்தி நாப்பத்தி மூணாவது பேரு. என் மக சடங்குக்கு இந்த வீட்டுல ஐந்நூறு வச்சாங்க. இந்தா, ஆயிரம். இப்ப ஐந்நூறு ரூபா இந்தப் புள்ளதான் எனக்குத் தரணும். நான் கோட்டுக்குப் போகமாட்டேன். கடைசி லயத்துக்குக் கேக்குதா?"

கடைசி லயத்தில்தான் எல்லோரும் நின்றிருந்தோம். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பந்தி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பக்கத்தில் இருந்த ஒரு தட்டை எடுத்தார். கறிக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். குழம்பு சேலையில் தெறித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பிறகு என் காதுக்குள் குனிந்து, "ஐந்நூறு நம்ம குடுக்கணும். கூட்டித்தான் வைக்கணும். மறந்திராத" என்றார்.

நான் மறக்கவில்லை. வருகிற மாதம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். மட்டக்களப்பிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் இடம் பிடித்தாகிவிட்டது.